எஃப்எச்யூஏ-வில் ஏடிபி ஒட்டும் இடம் எங்கே?

ஈ.கோலை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இரும்பை உள்ளே விடும் புரதமான எஃப்எச்யூஏ-வின் (FhuA) படத்தில் குழாய் அடைபட்டிருக்கிறது, ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) ஒட்டும் இடமும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தேட வேண்டாம், அங்கே கிடையாது. ஈ.கோலையின் வெளிச்சவ்வுப் பக்கம் ஏடிபியே இல்லை.

எஃப்எச்யூஏ, 22 பீட்டா இழைகளாலான (புரதச் சங்கிலியின் நீட்டிய பட்டைகள்) பீப்பாய். உள்ளே தக்கை மாதிரி உட்கார்ந்திருப்பது அதே புரதத்தின் அமினோ முனைப் பகுதி. இரும்பைச் சுமந்த ஃபெரிகுரோம் என்ற சிறு மூலக்கூறு மேலே வந்து ஒட்டியதும், தக்கையின் அடியிலுள்ள சிறு சுருள் அவிழ்கிறது. உள்சவ்விலிருந்து நீளும் டான்பி (TonB) என்ற புரதத்துக்கு அதுதான் அழைப்பு. உள்சவ்வின் இருபுறமும் புரோட்டான் அளவு வேறுபடுவதால் பிறக்கும் விசையைக் கொண்டு டான்பி தக்கையை இழுக்க, வழி பிறக்கிறது. (தக்கை முழுசாக வெளியே வருகிறதா, உள்ளேயே நெகிழ்கிறதா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.)

ஏடிபிதான் வேண்டுமென்றால் உள்சவ்வில், ஏடிபியைச் செலவழித்து ஃபெரிகுரோமை உள்ளே கடத்த உதவும் எஃப்எச்யூசி (FhuC) புரதத்தைப் பாருங்கள்.

அப்புறம், சோதனைக்குக் குளோனிங் செல்களை (மரபணு நகலெடுக்கப் பயன்படும் ஈ.கோலை வகைகள்) எடுத்தால் கவனம். பாக்டீரியாவைத் தாக்கும் டி1 பேஜ் என்ற வைரஸும் இதே வாசலில் நுழைவதால், பலவற்றில் எஃப்எச்யூஏ மரபணுவை முடக்கியிருப்பார்கள்.