ஜிப்சம் செல்ஃப் லெவலிங் தரையில் ஊசித்துளைகளும் வெள்ளைத் தூளும் ஏன் வருகின்றன?

பெங்களூரு அல்சூரில் உள்ள உங்கள் அடுக்ககத்தில், ஜிப்சம் செல்ஃப் லெவலிங் கலவை (ஊற்றியதும் தானே பரவிச் சமமாகும் கலவை) ஊற்றிய தரையில் ஊசித்துளைகளும், தேய்த்தால் கையில் ஒட்டும் வெள்ளைத் தூளும் தென்படுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு. பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்காத கான்கிரீட் தளம், மேலே ஊற்றிய கலவையின் நீரை உறிஞ்சும்போது, தளத்தின் நுண்துளைகளில் இருந்த காற்று மேலெழுந்து துளையாக நின்றுவிடுகிறது. தூளுக்குக் காரணம், என் கணிப்பில், மூட்டையில் அச்சிட்ட அளவை மீறி ஊற்றிய தண்ணீர்தான்: கனமான மணல் அடியில் தங்க, நுண்துகள்கள் நீரோடு மேலே வந்து வலுவற்ற ஏடாகப் படிகின்றன. ஆணியால் கீறிப் பாருங்கள். ஏடு மட்டும் உரிந்து அடிப்பகுதி கெட்டியாக இருந்தால், அதைத் தேய்த்தெடுத்து, தூசியை முழுவதும் நீக்கி, பிரைமர் அடித்தால் போதும், ஆழம் வரை உதிர்ந்தால் பெயர்த்தெடுப்பதே வழி. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் கார்பைடு முறையில் (தரையிலிருந்து எடுத்த மாதிரியைக் கால்சியம் கார்பைடுடன் மூடிய கலனில் கலந்து, எழும் வாயுவின் அழுத்தத்தைப் பார்க்கும் சோதனை) ஈரத்தை அளந்து, அது 0.5 சதவீதத்துக்குள் இருப்பதை உறுதிசெய்யுங்கள். பிரைமர் இல்லாமல் சிமென்ட் பசையை நேரடியாகப் பூசினால், ஈரம் பட்டதும் ஜிப்சத்துக்கும் சிமென்டுக்கும் இடையில் எட்ரிங்கைட் (இரண்டும் வினைபுரிந்து உருவாகும், விரிவடையும் கனிமம்) படிகங்கள் வளர்ந்து டைல்ஸைத் தூக்கிவிடக்கூடும்.