சங்கம் பதிவாகிவிட்டது, நிர்வாகம் பேச மறுக்கிறது: தொழிலாளர் சட்டக் கேள்வி பதில்

தொழிலாளர் நீதிமன்றங்களில் தொழிலாளர் தரப்புக்காக வாதாடுபவன் நான். பழைய 29 தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் சொல்கிறேன். ஊரையும் வேலையையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம்.

ஒரகடம், வாகன உதிரிபாகத் தொழிற்சாலை: தோழர், எங்கள் சங்கம் பதிவாகிவிட்டது. கோரிக்கைக் கடிதத்தை ஹெச்.ஆர். கையில்கூட வாங்க மாட்டேன் என்கிறார். சான்றிதழ் இருக்கும்போது பேசித்தானே ஆக வேண்டும்?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு செய்தால் சங்கத்துக்குச் சட்டப்படி ஓர் உருவம் கிடைக்கிறது: சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், சங்க நடவடிக்கைக்காக நிர்வாகிகள் மேல் நஷ்டஈட்டு வழக்கு பாயாது. "இவர்களோடு உட்கார்ந்து பேசு" என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் இதுவரை இருந்ததில்லை. மகாராஷ்டிராவில் 1971-லேயே அதற்கென்று சட்டம் வந்துவிட்டது. நமக்கு இருந்ததெல்லாம் 1958-ன் ஒழுங்கு நெறிமுறைதான். விரும்பினால் பின்பற்றலாம் என்ற ரகம்.

புதிய தொழில் உறவுத் தொகுப்பில் இது மாறியிருக்கிறது. ஆலையில் ஒரே ஒரு சங்கம் இருந்தால், விதிகளில் சொன்ன தகுதி இருக்கும்பட்சத்தில் அதையே பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்க வேண்டும். பல சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்ற சங்கம். யாருக்கும் 51 இல்லை என்றால், 20 சதவீதமாவது வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. இந்தத் தொகுப்பில் எனக்குப் பல விஷயங்களில் உடன்பாடு இல்லை. இந்த ஒன்றை மட்டும் தொழிலாளர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

அதனால் உங்கள் வேலை இப்போது எண்ணிக்கைதான். உறுப்பினர் படிவத்தில் கையெழுத்து, மாதச் சந்தா, அதற்கு ரசீது, ஒன்றும் விடுபடக்கூடாது. கடிதத்தை இனி கையில் கொடுக்க வேண்டாம். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. பதிவு வசதியோடும் ஒப்புகையோடும் அதில் அனுப்புங்கள், நகலைத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலருக்கும் அனுப்புங்கள். ஹெச்.ஆர். திருப்பி அனுப்பினால் அந்த உறையைப் பிரிக்காமல் பத்திரமாக வையுங்கள்.

காஞ்சிபுரம், கல்லூரி மாணவி: சாம்சங் ஸ்ட்ரைக்கை சம்பளப் போராட்டம் என்று சிலர் சொல்கிறார்கள், சங்கப் போராட்டம் என்று சிலர். எது சரி சார்?

சம்பளக் கோரிக்கையும் இருந்தது. ஆனால் சிக்கியது சங்கத்தில்தான். சுங்குவார்சத்திரம் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்தச் சமயத்தில் நிர்வாகம் பணம் தரத் தயாராகவே இருந்தது. தொழிலாளர்களில் ஒரு பகுதியினரோடு அக்டோபரில் தனியாக ஓர் உடன்படிக்கை போட்டு, மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தது. இடதுசாரித் தொழிற்சங்க மையமான சி.ஐ.டி.யு. சார்ந்த சங்கத்தோடு பேச மட்டும் மறுத்தது. மூன்று அமைச்சர்கள் நடுவில் உட்கார்ந்து, 37 நாளுக்குப் பிறகு அக்டோபர் 15 அன்று போராட்டம் முடிந்தது.

பதிவு விஷயம்தான் சட்டம் படிக்கிறவர்களுக்குச் சுவையானது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வரக்கூடாது, அது எங்கள் வணிகச் சின்னம் என்று கம்பெனி ஆட்சேபித்தது. 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்தில் பெயரை மறுக்கப் பதிவாளருக்கு ஒரே காரணம்தான் இருந்தது: ஏற்கெனவே பதிவான இன்னொரு சங்கத்தின் பெயரோடு குழப்பம் வருமா என்பது. கம்பெனியின் பெயரைத் தாங்கிய சங்கங்கள் நாட்டில் நிறைய. பக்கத்திலேயே ஹூண்டாய் பெயரில் ஒன்று இருக்கிறது. சங்கம் சோப்பு, டிவி எதுவும் விற்கப் போவதில்லையே! உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி கடைசியில் பதிவு கிடைத்தது. பிப்ரவரியில் நிர்வாகிகள் சஸ்பெண்ட் ஆனார்கள், மறுபடி உள்ளிருப்பு. மே மாதம் அமைச்சர் சி.வெ. கணேசன் முன்னிலையில் மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தில் சங்கத்தின் கையெழுத்து இருக்கிறது என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

அதே மாணவி: வெளியாள் ஒருவர் சங்கத் தலைவராக இருப்பது நியாயமா என்று வீட்டில் அப்பா கேட்கிறார்.

அப்பாவிடம் சென்னையின் கதையைச் சொல்லுங்கள். 1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. தலைவர் பி.பி. வாடியா, ஆலையில் வேலை பார்த்தவர் இல்லை. துணை நின்ற திரு.வி.க.வும் ஆசிரியர், பத்திரிகையாளர். பெரம்பூர் பி அண்டு சி மில்லில் 1920-ல் தகராறு முற்றியபோது, நிர்வாகம் வாடியா மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. சங்கத் தலைவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் குரல் கொடுத்தது அதற்குப் பிறகுதான். அது 1926-ல் சட்டமானது.

ஆலைக்குள் இருப்பவரை சஸ்பெண்ட் செய்யலாம், இடம் மாற்றலாம். வெளியாளை அப்படிச் செய்ய முடியாது. வெளியாள் மேல் இருக்கும் கோபத்துக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. சட்டமும் அளவோடுதான் அனுமதிக்கிறது: நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அது. கம்பெனி மட்டும் எங்களைப் போன்ற வெளியாள் வக்கீலை வைத்துக்கொள்வதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

ஓசூர், இயந்திரத் தொழிற்சாலை: இனி ஸ்ட்ரைக்கே செய்ய முடியாது என்கிறார்களே, உண்மையா?

தடை இல்லை. வழிதான் குறுகிவிட்டது. முன்பு 14 நாள் முன்னறிவிப்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான். இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும். சிக்கல் இந்த 14 நாளில் இல்லை. நோட்டீஸ் கொடுத்ததும் சமரச அலுவலர் உங்களையும் நிர்வாகத்தையும் கூப்பிடுவார். பேச்சு நடக்கும்போதும், முடிந்த ஏழு நாளிலும் ஸ்ட்ரைக் கூடாது. தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டால் விசாரணை முழுக்கவும், முடிந்து 60 நாளும் கூடாது. நோட்டீஸ் கொடுத்தவுடனே முதல் கூட்டத்தை நடத்திவிட்டால் போதும், 14 நாள் முடிந்தாலும் கதவு மூடியே இருக்கும். சமரச அலுவலர் தம் அறிக்கையை எப்போது கொடுக்கிறார் என்பதை விடாமல் கவனியுங்கள்.

பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் ஒரே நாளில் கேஷுவல் லீவு எடுத்தாலும் இப்போது ஸ்ட்ரைக் கணக்குதான். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் போனால், எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க ஊதியத் தொகுப்பில் இடம் உண்டு. பழைய சட்டத்திலும் இருந்ததுதான்.

சென்னை, ஓய்வு பெற்ற அரசு ஊழியர்: ஸ்ட்ரைக் அடிப்படை உரிமையா?

சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை. ஸ்ட்ரைக் அப்படி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. அரசு ஊழியர் என்பதால் உங்களுக்கு 2003 நன்றாகவே நினைவிருக்கும். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் (எஸ்மா) ஒரே வீச்சில் லட்சத்துக்கும் அதிகமானோர் வேலையிழந்ததும், அந்த வழக்கில் 'அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை' என்று தீர்ப்பு வந்ததும்.

இருங்காட்டுக்கோட்டை: அண்ணா, மூன்று வருடமாக 'ட்ரெய்னி'தான். பெர்மனன்ட் ஆட்கள் செய்யும் அதே லைன் வேலை.

தம்பி, தமிழ்நாட்டுக்கே உரிய சட்டம் ஒன்று உண்டு, 1981-ல் வந்த நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்திருந்தால் நிரந்தரம் கோரலாம். பயிற்சியாளர் சட்டப்படி முறையாகப் பதிவான அப்ரெண்டிஸ் இதில் வரமாட்டார். ஆகவே உன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்தத் திட்டத்தின் கீழ் எடுத்தார்கள் என்பதை முதலில் பார். வெறும் 'ட்ரெய்னி' என்ற பெயரால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. உண்மையில் செய்த வேலை என்ன என்றுதான் நீதிமன்றம் கேட்கும்.

ஆனால் நிரூபிக்க வேண்டியவன் நீ. சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், ஷிப்ட் பட்டியல், பேருந்துப் பாஸ், எல்லாவற்றையும் சேர்த்து வை. வேலையை விட்டு நிறுத்திய பிறகு தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஆப்பில் உன் லாகினைக்கூட முடக்கிவிடுவார்கள்.

வடசென்னை: ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களில் என் அம்மாவும் ஒருவர். ஒப்பந்தத்துக்கு விடுவதைச் சட்டம் தடுக்காதா?

ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைச் சென்னை மாநகராட்சி தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்ட் 1 முதல் நடந்த போராட்டம் அது. 13-ஆம் தேதி நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பெண்களே அதிகம்.

ஒப்பந்த முறையை ஒழித்தாலும் தொழிலாளர் தானாக நிரந்தரம் ஆகமாட்டார் என்பது 2001-ல் இந்திய உருக்கு ஆணையத்தின் (செயில்) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது நமக்குப் பாதகம். பணியிடப் பாதுகாப்பு பற்றிய புதிய தொகுப்பில் ஒரு பிடி கிடைக்கிறது. மையப் பணிகளில், அதாவது நிறுவனம் எதற்காக அமைந்ததோ அந்த வேலைகளில், ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்கிறது, சில விலக்குகளோடு. துப்புரவு மையப் பணி அல்ல என்று ஒரு பட்டியலும் போடுகிறது. அதே வரியில், அந்த நிறுவனம் அந்தப் பணிக்காகவே அமைக்கப்படாதபோது மட்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. ஊரைச் சுத்தமாக வைப்பது மாநகராட்சியின் சட்டக் கடமை. மென்பொருள் கம்பெனி தன் கழிப்பறையைக் கழுவ ஆள் வைப்பதும், மாநகராட்சி தெருவைக் கூட்ட ஆள் வைப்பதும் எப்படி ஒன்றாகும்? நான் வாதாடினால் இங்கிருந்துதான் தொடங்குவேன். எளிதில் ஜெயிக்கும் வாதம் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

சோழிங்கநல்லூர், ஐ.டி.: "நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டெர்மினேஷன்" என்கிறார்கள். மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

கொடுக்காதீர்கள். டி.சி.எஸ். 2025-ல் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்த பிறகு இப்படிப்பட்ட அழைப்புகள் எனக்கு அடிக்கடி வருகின்றன, பல கம்பெனிகளிலிருந்து. ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது 'விருப்ப விலகல்'. மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். இன்றே ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று இத்தனை மணிக்கு நடந்த கூட்டத்தில் ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு விருப்பமில்லை, வேலையைத் தொடரத் தயார்." இந்த மூன்றே வரி போதும். நகல் உங்கள் சொந்த முகவரிக்கும் போகட்டும்.

ஐ.டி. ஊழியர் சங்கம் வைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசே 2016-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. பெயருக்கு 'லீட்' என்று இருந்தாலும், ஆளை எடுக்கவோ நீக்கவோ அதிகாரம் இல்லாமல் மென்பொருள் நிரல் எழுதுபவர் தொழிலாளர் என்றே வாதாட முடியும். ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது சம்பளம், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு. வேலையிழந்தவர் புதுத் திறன் கற்பதற்கான மறுதிறன் நிதிக்காக இன்னொரு 15 நாள் சம்பளம் புதியது. 300 பேர் இருந்தால் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற பிரிவை நம்பாதீர்கள். அது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டத்துக்குத்தான். பணிநீக்கத்தை எதிர்ப்பதற்கான காலக்கெடுவும் மூன்றிலிருந்து இரண்டு வருடமாகக் குறைந்திருக்கிறது.

கோவை: புதுச் சட்டத்தால் கையில் வரும் சம்பளம் குறையுமா?

பி.எஃப். 15,000 ரூபாய் உச்சவரம்பின் மேல் மட்டும் பிடித்தால் குறையாது. முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பிடிக்கும் கம்பெனி என்றால் கொஞ்சம் குறையலாம். படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் மிச்சம் சம்பளக் கணக்கில் சேரும் என்பதால் பணிக்கொடை கூடும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஐந்து வருடம் வேண்டாம், ஒரு வருடத்திலேயே பணிக்கொடை.

அண்ணா நகர், உணவு டெலிவரி: ஆப்பில் என் கணக்கை பிளாக் செய்துவிட்டார்கள். யாரிடம் முறையிடுவது?

உண்மையைச் சொன்னால், உங்களுக்குத்தான் என்னிடம் பதில் குறைவு. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு உங்களைப் போல ஆப் வழியாக வேலை செய்யும் 'கிக்' தொழிலாளரைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆப் நடத்தும் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குத் தர வேண்டும். தமிழ்நாட்டில் தனி நலவாரியம் உண்டு, கட்டாயம் பதிவு செய்யுங்கள். ஆனால் இவையெல்லாம் நலத்திட்டம். பிளாக் செய்வதைக் கேள்வி கேட்கும் உரிமை வேறு. கர்நாடகம் 2025 சட்டத்தில் நீக்குவதற்கு முன் 14 நாள் நோட்டீஸும் எழுத்தில் காரணமும் கேட்கிறது. இங்கே அப்படி ஒரு பிரிவு வர வேண்டும் என்று கேட்பதுதான் உங்கள் சங்கத்தின் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

தி.நகர், துணிக்கடை: உட்கார விடுவதில்லை சார்.

2021 முதல் தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி இருக்கை கட்டாயம். தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள், பெயர் போடாமல் கொடுத்தாலும் பார்க்கச் சொல்லலாம்.

ஸ்ரீபெரும்புதூர்: சங்கத்தை விட்டுவிட்டு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சம்பள உயர்வு ஒப்பந்தம் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

முதலில் அது எந்த வகை ஒப்பந்தம் என்று கேளுங்கள். நீங்களும் நிர்வாகமும் நேரடியாகப் போடுவது, பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் 18(1) பிரிவு, கையெழுத்துப் போட்டவரை மட்டும் கட்டும். சமரச அலுவலர் முன்னிலையில் போடும் 12(3) ஆலையில் இருப்பவர் எல்லோரையும், நாளை சேரப் போகிறவரையும் கட்டும். புதிய தொகுப்பிலும் இந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது, எண்கள்தான் மாறியிருக்கின்றன. நிர்வாகம் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குவது, நாளைக்குச் சமரச அலுவலரிடம் "பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்" என்று காட்டுவதற்காகவே இருக்கும். முழுப் பிரதியைக் கேளுங்கள். தர மறுத்தால் கையெழுத்து வேண்டாம். தந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய், கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். 'இந்தக் காலத்தில் வேறு எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டோம்' என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.