ஜூன், ஜூலைக் கணக்கெடுப்பு மன்னாருக்குப் போதாது

மன்னாரில் காற்றாலை மின்கம்பிப் பாதைக்காக ஜூன், ஜூலையில் மட்டும் பறவைகளை எண்ணிவிட்டு அரிய இனம் எதுவும் இல்லை என்று சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள், ஆட்சேபிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் ஆட்சேபியுங்கள். வலசைப் பறவைகள் ஒக்டோபர் வாக்கில் வந்து மார்ச், ஏப்ரல் வரை அங்கே நிற்பவை, அவை இல்லாத மாதங்களில் எடுத்த கணக்கை ஏற்கவே கூடாது. பக்கத்து வங்காலைச் சரணாலயம் 2010 இலிருந்து ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதென்று பட்டியலிடப்பட்ட ஈரநிலம், அதையும் எழுதுங்கள்.

அப்புறம், எத்தனை பறவை என்பதைவிட அவை எந்த நேரத்தில், எந்த உயரத்தில், எந்த நீர்நிலையிலிருந்து எதற்குப் பறக்கின்றன என்பதுதான் கம்பியில் மோதும் ஆபத்தைச் சொல்லும். பூநாரைகள் இரவிலும் பறக்கும், ஆகவே இரவில் பார்த்தார்களா என்று கேளுங்கள். இந்த அறிக்கைக்குக் கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள்தான், அதற்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.