ஆய்வுக்குக் கூப்பிடுகிறார்கள், அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

"வீல்சேரில் இருக்கிற பிள்ளை, அவளை வைத்து ஏதாவது சோதனை செய்வார்களோ" என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானது. கேள்வித்தாளை நிரப்பி வாங்கிக்கொண்டு போனவர்கள் பிறகு எட்டிக்கூடப் பார்க்காத கதை மாற்றுத்திறனாளிகள் பற்றிய ஆய்வுகளில் நிறைய உண்டு. ஆனால் உங்கள் மகளை 'இணை ஆய்வாளர்', அதாவது ஆய்வைக் கூடச் சேர்ந்து நடத்துபவர், என்று அழைத்திருக்கிறார்கள். அது நிஜமா, பேச்சுக்கா என்றுதான் பார்க்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 6-ஆம் பிரிவைப் படியுங்கள். மாற்றுத்திறனாளியை ஆய்வுக்கு உட்படுத்த அவருடைய சம்மதம் வேண்டும். அதையும் அவருக்கு எட்டும் வழியில் விளக்கித்தான் பெற வேண்டும். இதற்கென அமைந்த குழுவின் முன் அனுமதியும் தேவை. அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவுபெற்ற அமைப்பைச் சேர்ந்தவர்களாகவோ இருக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தைத் தயங்காமல் கேளுங்கள். மகளுக்குப் பத்தொன்பது வயது. சம்மதக் கையெழுத்து அவளுடையது, உங்களுடையது அல்ல.

அடுத்து, எந்தக் கட்டத்தில் கூப்பிடுகிறார்கள்? கேள்விகளெல்லாம் முடிவான பிறகு என்றால் அவள் வெறும் தகவல் தருபவள்தான். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவன் இப்படி ஒரு குழுவில் சேர்ந்தான். "நடக்க எவ்வளவு சிரமப்படுகிறீர்கள்?" என்று தாளில் இருந்தது. அவன் அதை அடித்துவிட்டு, "நீங்கள் ஏற நேரம் கொடுத்து பஸ் நிற்கிறதா?" என்று எழுதினான். அதற்குப் பிறகு அந்த ஆய்வே பஸ் நிறுத்தங்களைப் பற்றியதாக மாறிவிட்டது. இந்த இடம் உங்கள் மகளுக்கும் கிடைக்க வேண்டும்.

பணம் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். மற்ற ஆய்வு உதவியாளர்களுக்குத் தருகிற அதே சம்பளம், ஆட்டோ செலவு, துணைக்கு வருபவரின் செலவு, கட்டுரையில் பெயர், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சான்றிதழ் மட்டும் தருவோம் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

படிப்பு கெடுமா என்றும் கேட்டீர்கள். வாரம் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். சமூகவியல் படிக்கிறவளுக்கு இந்த அனுபவம் நாளைக்கு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) சேரும்போதும், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் உள்ளவர்களுக்காக இருக்கும் தேசிய நிறுவனத்தில் மறுவாழ்வுத் துறைப் படிப்புக்கு முயலும்போதும் கைகொடுக்கும்.

முதல் கூட்டம் மாடியில் என்று எழுதியிருக்கிறீர்கள். லிஃப்ட் இருக்கிறதா, கழிப்பறைக் கதவில் வீல்சேர் நுழையுமா என்று இன்றே போன் போட்டுக் கேட்க வேண்டும். அந்த போனை நீங்கள் போடாதீர்கள், அவளே பேசட்டும்.