கைப்பை இல்லாத ஆசிரியர்

சென்ற இதழில், 'வோக்' ஃபேஷன் பத்திரிகையின் பிரெஞ்சுப் பதிப்பான 'வோக் பாரிஸ்' இதழின் முன்னாள் ஆசிரியர் கரீன் ரோய்ட்ஃபெல்ட் பற்றி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளுக்கே இந்த வாரப் பக்கம் முழுவதும்.

கேள்வி: ரோய்ட்ஃபெல்ட் கைப்பையே வைத்துக்கொள்வதில்லையாமே, உண்மையா?

கைப்பையோடு அவரைப் பார்ப்பது அபூர்வம்தான். பாரிஸ் ஃபேஷன் வாரத்தின்போது அரங்க வாசல்களில் எடுத்த அவருடைய படங்களைத் தேடிப் பாருங்கள். உடம்பை ஒட்டிய பென்சில் ஸ்கர்ட், மிக உயரமான குதிகால் செருப்பு, கோட்டுப் பைக்குள் நுழைத்த கைகள். முடி ஒரு பக்கக் கண்ணில் வந்து விழும். கண்ணைச் சுற்றியுள்ள கறுப்பு மை, இப்போதுதான் கண்ணாடி முன் உட்கார்ந்து தீட்டியதுபோல் இருக்காது. முந்தைய இரவு தீட்டியது லேசாகக் கலைந்து நிற்பதுபோல் இருக்கும். அவருடைய அழகே அந்தக் கலைவில்தான் இருக்கிறது என்பேன்.

கைப்பை விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபேஷன் பத்திரிகைகள் விளம்பரத்தை நம்பித்தான் நடக்கின்றன. விளம்பரம் தரும் பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்கு உடையைவிடக் கைப்பையில்தான் நல்ல வியாபாரம். அப்படியிருக்க, அந்த விளம்பரங்களைத் தாங்கி வந்த பத்திரிகையின் ஆசிரியராக இருந்தபோதே வெறுங்கையோடு வந்து ஃபேஷன் காட்சிகளின் முதல் வரிசையில் உட்கார்ந்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த துணிச்சல் இது.

கேள்வி: இந்த ரசனை அவருக்கு எங்கிருந்து வந்தது? யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்?

1954-ல் பாரிஸில் பிறந்தவர். தந்தை ழாக் ரோய்ட்ஃபெல்ட் ரஷ்யாவில் பிறந்து பிரான்சில் திரைப்படத் தயாரிப்பாளராக இருந்தவர். கரீன் பதினெட்டு வயதில் மாடலாகத் தொடங்கி, பிறகு 'எல்' (Elle) என்ற பிரெஞ்சுப் பெண்கள் பத்திரிகையில், படங்களுக்கு உடை தேர்ந்து அமைக்கும் ஸ்டைலிஸ்ட் ஆனார். 1990-களில் புகைப்படக் கலைஞர் மரியோ டெஸ்டினோவோடும், 'குச்சி' (Gucci) ஃபேஷன் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் டாம் ஃபோர்டோடும் சேர்ந்து செய்த வேலைகள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. 2001-ல் 'வோக் பாரிஸ்' ஆசிரியரானார். 2011 தொடக்கம் வரை அந்தப் பதவியில் இருந்தார்.

படங்களைப் பொறுத்தவரை அவருக்குப் புகைப்படக் கலைஞர் ஹெல்முட் நியூட்டனிடம் பெரிய ஈடுபாடு. நியூட்டனின் படங்களில் வரும் பெண்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருப்பவர்கள் அல்லர். ரோய்ட்ஃபெல்டின் பக்கங்களில் வரும் பெண்களும் அப்படியே.

ஆனால் வேர் இன்னும் பக்கத்தில், அவருடைய வீட்டிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருடைய நீண்டகால வாழ்க்கைத் துணையான கிறிஸ்தியான் ரெஸ்துவான் 1976-ல் 'எக்விப்மென்ட்' என்ற சட்டை நிறுவனத்தைத் தொடங்கியவர். அந்தச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். தையல் ஆண்கள் சட்டையின் தையல், மார்பில் மூடி வைத்த இரண்டு பைகள். துணி மட்டும் பட்டு. பருத்திச் சட்டைபோல் தோளில் விறைத்து நிற்காமல் உடம்போடு வழிந்து இறங்கும். மேலே இரண்டு பொத்தானைத் திறந்துவிட்டால் காலர் தானாகவே சாய்ந்துகொள்ளும், இஸ்திரி வேண்டாம். மேலே இப்படி ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, கீழே பெண்மை மிகுந்த ஒடுக்கமான ஸ்கர்ட். ரோய்ட்ஃபெல்ட் பாணி என்று உலகம் சொல்வதில் பாதி இந்தச் சேர்க்கைதான்.

கேள்வி: இவ்வளவு புகழ்கிறீர்களே, வெள்ளைக்கார மாடலுக்குக் கறுப்பு வண்ணம் பூசிப் படமெடுத்து வெளியிட்டவர் இவர்தானே?

ஆமாம். 2009 அக்டோபர் இதழில், ஸ்டீவன் கிளைன் எடுத்த படங்களில், டச்சு மாடல் லாரா ஸ்டோனின் உடலுக்கு அடர்ந்த பழுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். அது தவறு. அதிர்ச்சி தருவதையே ரசனையாகக் கொள்பவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போகும் ஆபத்து உண்டு. கறுப்பின மாடல்களுக்கு வாய்ப்பே அரிதாக இருந்த ஒரு துறையில், அவர்களுடைய நிறத்தை மட்டும் எடுத்து இன்னொருவர் மேல் பூசியதை அழகு என்று என்னால் ஏற்க முடியாது.

அதே நாற்காலியில் முன்பு உட்கார்ந்திருந்த ஒருவரின் கதை தெரிந்தால் இந்த வருத்தம் இன்னும் கூடும். அடுத்த கேள்விக்கும் அவர்தான் பதில்.

கேள்வி: பிரெஞ்சு ஃபேஷன் ஆசிரியர்களில் உங்கள் மனத்துக்கு மிகவும் நெருக்கமானவர் யார்?

எட்மோந்த் ஷார்ல்-ரூ. யோசிக்கவே வேண்டாம்.

1920-ல் பிறந்தவர். தூதுவரின் மகள் என்பதால் சிறுவயதில் பிராகிலும் ரோமிலும் வளர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் செவிலியாகச் சென்று காயம்பட்டார், பிறகு பிரான்சில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தில் பணியாற்றினார். வாழ்நாள் முழுவதும் முடியை இழுத்துக் கொண்டையாகப் போட்டிருப்பார். வேறு அலங்காரம் எதுவும் அந்த முகத்துக்குத் தேவைப்பட்டதில்லை.

1954 முதல் 1966 வரை பிரெஞ்சு 'வோக்' அவர் கையில் இருந்தது. அவருடைய ரசனையின் அளவு தெரிய ஒரே ஒரு படம் போதும். 1955 பிப்ரவரி இதழில் கீ பூர்தான் என்ற, அதுவரை அதிகம் அறியப்படாத இளைஞர் எடுத்த தொப்பிப் படம் வந்தது. நேர்த்தியான தொப்பி அணிந்த மாடல் நிமிர்ந்து நிற்கிறார். அவருக்கு மேலே இறைச்சிக்கடையில் தொங்கும் கன்றுக்குட்டிகளின் தலைகள். தொப்பி விற்க வேண்டிய பக்கத்தில் சாவையும் சேர்த்து அச்சடிக்க ஓர் ஆசிரியருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! பூர்தான் பிறகு அந்த நூற்றாண்டின் பெரிய ஃபேஷன் புகைப்படக் கலைஞர்களில் ஒருவரானார்.

1966-ல் ஷார்ல்-ரூ பதவியிழந்தார். கறுப்பின மாடல் ஒருவரை அட்டையில் போட அவர் விரும்பியதும், நிர்வாகம் மறுத்ததுமே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதே ஆண்டு அவருடைய நாவலுக்கு பிரான்சின் உயரிய இலக்கிய விருதான கோன்கூர் கிடைத்தது. பிரெஞ்சு 'வோக்' அட்டையில் ஒரு கறுப்பினப் பெண் வருவதற்கு 1988 ஆகஸ்ட் ஆகிவிட்டது. நவோமி கேம்ப்பெல்தான் அவர். அதற்குக்கூட, விளம்பரத்தை நிறுத்திவிடுவேன் என்று வடிவமைப்பாளர் ஈவ் சாங் லொரான் நெருக்க வேண்டியிருந்ததாக நவோமியே சொல்லியிருக்கிறார். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேள்வி: எப்போதும் ஜீன்ஸில் வரும் ஆசிரியர் யார்?

எம்மானுவேல் ஆல்ட். ரோய்ட்ஃபெல்டுக்குப் பின் 2011 முதல் 2021 வரை ஆசிரியர். ஒல்லியான ஜீன்ஸ், தோள் எடுப்பான கோட்டு, வெள்ளை டீ-ஷர்ட். முகத்தில் ஒப்பனை இருப்பதே தெரியாது. பார்க்க இதமாக இருக்கும். ஆனால் ஷார்ல்-ரூ தந்த அதிர்வை இவருடைய பக்கங்களில் நான் உணர்ந்ததில்லை.

கேள்வி: என் மகள் ஃபேஷன் பத்திரிகை ஆசிரியராக ஆசைப்படுகிறாள். ஃபேஷன் படிப்பில் சேர்த்துவிடட்டுமா?

ஆசை இருந்தால் சேருங்கள். ஆனால் 1945-ல் 'எல்' பத்திரிகையைத் தொடங்கிய எலேன் லாசரெஃப் என்ன படித்தார் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். மக்கள் குழுக்களின் வாழ்க்கையை நேரில் கண்டு எழுதும் இனவரைவியல்! 1935-ல் ஆய்வுக் குழுவோடு மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று அங்கு வாழும் டோகோன் மக்களிடையே தங்கியவர். மனிதர்கள் எதை உடுத்துகிறார்கள், எதற்காக உடுத்துகிறார்கள் என்று பார்த்துப் பழகிய கண் அது. போர்க்காலத்தில் நியூயார்க்கில் பத்திரிகை வேலை கற்று, பாரிஸ் திரும்பி, பற்றாக்குறையில் தவித்த பெண்களுக்காக வாரப் பத்திரிகை தொடங்கினார். மகள் எந்தப் படிப்பை எடுத்தாலும் கூடவே வரலாறும் நாவல்களும் படிக்கட்டும், ஓவியக்கூடங்களுக்குப் போகட்டும்.

கேள்வி: 'வோக் பாரிஸ்' இப்போதும் வருகிறதா?

வருகிறது, ஆனால் 2021 நவம்பர் முதல் 'வோக் பிரான்ஸ்' என்ற பெயரில். முன்பு அட்டையில் பத்திரிகையின் பெயரிலுள்ள வட்ட எழுத்துக்குள் 'பாரிஸ்' என்று சின்னதாக அச்சிட்டிருப்பார்கள். அது போய்விட்டது. தலைமை ஆசிரியர் என்ற பழைய பதவியும் இல்லை. உள்ளடக்கத் தலைவர் என்ற பொறுப்பில் ஒருவர் இருக்கிறார், உலகப் பதிப்புகள் அனைத்தையும் சேர்த்து மேலிருந்து பார்க்கும் ஏற்பாட்டின் கீழ். கன்றுத் தலைகளுக்குக் கீழே ஒரு தொப்பியை வைத்துக்கொண்டு இன்று ஓர் இளைஞர் அந்த அலுவலகத்துக்குப் போனால், சரி என்று சொல்லும் அதிகாரம் பாரிஸில் யாருக்கு இருக்கிறது? என் கவலை அதுதான்.