பிரான்சில் மன்னர் திரும்பியிருந்தால்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். பிரான்சில் மன்னராட்சி பிழைக்க உண்மையிலேயே வாய்ப்பு இருந்ததா? 1789 புரட்சியோடு கதை முடிந்தது என்றுதானே பள்ளியில் படித்தோம்?

பதில்: வாய்ப்பு இருந்தது, 1873 வரைக்கும். ஜெர்மானியரிடம் தோற்ற பின் 1871 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் முடியாட்சிக்காரர்கள்தான் பெரும்பான்மை பெற்றார்கள். ராஜ பக்தியைவிட, போரை நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கைதான் அவர்களை ஜெயிக்க வைத்தது. அவர்களுக்குள் இரண்டு அணி. ஒன்று 1830இல் ஆட்சி இழந்த மன்னர் பத்தாம் சார்லின் பேரன் ஷாம்போர் பிரபுவுக்கு. மற்றது அவருக்குப் பின் மன்னரான உறவினர் லூயி பிலிப்பின் பேரன் பாரிஸ் பிரபுவுக்கு. 1873 ஆகஸ்டில் பாரிஸ் பிரபு ஆஸ்திரியாவுக்கே போய் ஷாம்போரைக் குடும்பத் தலைவராக ஏற்றுக்கொண்டார். ஷாம்போருக்குப் பிள்ளை இல்லை. அவருக்குப் பின் இவர் என்ற எதிர்பார்ப்போடு எல்லாம் கூடிவந்தது.

கேள்வி: அப்புறம் ஏன் நடக்கவில்லை? ஒரு கொடிக்காக முடியை விட்டார் என்கிறார்களே?

பதில்: ஆமாம், கொடிதான். புரட்சியின் மூவண்ணக் கொடியை ஏற்க மாட்டேன், என் வம்சத்தின் வெள்ளைக் கொடியைக் கைவிட மாட்டேன் என்று ஷாம்போர் 1873 அக்டோபர் 27 தேதியிட்டு ஒரு கடிதம் எழுதினார். அது பத்திரிகையில் வந்ததும் எல்லாம் கலைந்தது. அதை வெறும் பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மூவண்ணம் என்றால் மக்கள் கொடுத்த முடி, வெள்ளை என்றால் பிறப்பால் வந்த முடி. யாரோ கொடுத்து வாங்குகிற மன்னராக இருக்க அவர் விரும்பவில்லை. மன்னர் வராததால் குடியரசே நிலைத்தது. அதுவும் மயிரிழையில்தான்: 1875 ஜனவரியில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சட்டத்தில் சேர்த்த திருத்தம் 353க்கு 352 என்று ஒரே ஓட்டில் நிறைவேறியது.

கேள்வி: அந்தக் கொடியை ஏற்று அவர் மன்னராகியிருந்தால், நீங்கள் எழுதும் கற்பனை வரலாறு எப்படிப் போகும்?

பதில்: முதல் கண்டம் 1877. நிஜத்தில் 1876 தேர்தலில் குடியரசுவாதிகள் பெரிய வெற்றி பெற்றார்கள். அடுத்த ஆண்டு அதிபர் மக்மஹோன் பிரதமரை விலக வைத்து, நாடாளுமன்ற அவையையும் கலைத்தார். மறுதேர்தலிலும் குடியரசுவாதிகளே ஜெயித்தார்கள். 1879இல் அவர் ராஜினாமா செய்தார்; வேறொருவர் வந்தார், அவ்வளவுதான். அதே வேலையை ஒரு மன்னர் செய்தால் அந்தத் தேர்தலே சிம்மாசனத்தின் மீதான ஓட்டாகிவிடும். ஷாம்போரின் தாத்தாவுக்கு நடந்ததும் அதுதான். 1830இல் அவையைக் கலைத்தார், தேர்தலில் தோற்றார், அவசர ஆணைகள் போட்டார். பாரிஸில் மூன்று நாள் கலவரம், ஆட்சி போயிற்று. அதனால் ஷாம்போருக்கு நான் நாலைந்து ஆண்டுதான் கொடுப்பேன்.

கேள்வி: நேரடியாக மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி ஜெயித்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடாதா?

பதில்: நீங்காது. 1870 மே 8 அன்று நடந்த வாக்கெடுப்பில் அப்போதைய பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு 73 லட்சம் பேருக்கு மேல் 'ஆம்' போட்டார்கள். 'இல்லை' 15 லட்சத்துக்குச் சற்று மேல். ஜெர்மானியரிடம் செடானில் போர் தோற்றதும், செப்டம்பர் 4 அன்று பேரரசே இல்லை. பெல்ஜியத்தில் 1950இல், மன்னர் மூன்றாம் லியோபோல்டு அரியணைக்குத் திரும்பலாமா என்ற வாக்கெடுப்பில் அவர் 57 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். ஆனால் பிரெஞ்சு பேசும் வலோனியா பகுதியில் பெரும்பான்மை அவருக்கு எதிராக இருந்தது. வேலைநிறுத்தம், உயிர்ப்பலி, கடைசியில் மகனிடம் முடியைக் கொடுத்தார்.

ஆனால் நார்வேயைப் பாருங்கள். 1905இல் டென்மார்க் இளவரசர் கார்லை அரசராக அழைத்தபோது, முதலில் மக்களைக் கேளுங்கள் என்றார். ஐந்தில் நான்கு பேர் சம்மதித்தார்கள், பிறகுதான் வந்தார். ஓட்டு முடிக்கு முன்னால் வந்தது, அதுதான் வித்தியாசம். ஷாம்போர் இறந்தது 1883 ஆகஸ்டில். அதுவரை முடி தப்பியிருந்தால், பாரிஸ் பிரபு பதவியேற்கும் முன் இதைச் செய்வதாகத்தான் நான் எழுதுவேன். எனக்குத் தெரிந்து அந்த வம்சத்துக்கு இருந்த ஒரே நல்ல வழி அது.

கேள்வி: அந்த வாக்கெடுப்பில் நம்ம புதுச்சேரியும் உண்டா?

பதில்: உண்டு, கண்டிப்பாகச் சேர்ப்பேன். 1871இல் கூடிய அவையிலேயே பிரெஞ்சிந்தியாவுக்கு ஓர் உறுப்பினர் இருந்தார்.