குளத்துக் களையை வெயிலில் அழிப்பது: கேள்வி பதில்

கேள்வி: குளம் முழுக்க ஆகாயத்தாமரை. மருந்து தெளிக்க மனசில்லை. மேலே பாலித்தீன் ஷீட் போட்டு மூடினால் வெயிலில் வெந்துவிடுமா?

பதில்: மருந்து வேண்டாம் என்ற முடிவு நல்லது. ஆனால் மிதக்கும் களையை அப்படியே வேகவைக்க முடியாது. ஒரு மீட்டர் ஆழக் குளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. நல்ல வெயில் நாளில் அந்த இடத்தில் விழும் வெப்பம் சுமார் 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அத்தனையும் தண்ணீரில் தங்கினால்கூட 4 டிகிரிதான் ஏறும், ராத்திரியில் இறங்கிவிடும். இலை கருகும், தண்ணீருக்குள் இருக்கும் கழுத்துப் பகுதி மறுபடி துளிர்க்கும். களையைக் கரையேற்றுங்கள், இல்லையென்றால் தண்ணீரை வடியுங்கள். அப்போதுதான் வெயில் வேலை செய்யும்.

கேள்வி: கரையில் அள்ளிக் குவித்தேன். ஒரு மாதம் ஆகியும் உள்ளே பச்சையாக இருக்கிறதே?

பதில்: இந்தச் செடியின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். குவித்தால் காயாது. மெல்லிசாகப் பரப்பி, புரட்டிவிடுங்கள். பூத்த செடி என்றால் காய்ந்தாலும் விதை சாகாது. அதைக் கம்போஸ்ட் குவியலில் போட்டு, 55 டிகிரிக்கு மேல் சூடேறவிட்டு, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி பலமுறை கிளறுங்கள்.

கேள்வி: குளத்தை வற்றவைத்து வெடிப்பு விடும்வரை காயவிட்டேன். தண்ணீர் விட்டதும் வேலம்பாசி (தண்ணீருக்கடியில் வேர்விட்டு வளரும் ஹைட்ரில்லா களை) திரும்பிவிட்டது.

பதில்: சேற்றுக்குள் அதன் கிழங்குகள் பல வருடம் உயிரோடு கிடக்கும். காய்ந்த மண் சூட்டைக் கீழே கடத்தாது. காய்ந்த விதையும் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். அதனால் சேறு ஈரமாக இருக்கும்போதே ஷீட்டை மண்ணோடு ஒட்டி விரித்து, ஓரங்களைப் புதைத்து, கடும் கோடையில் 4 முதல் 6 வாரம் விடுங்கள். ஷீட் நிறமில்லாமல் இருக்கவேண்டும். கருப்பு ஷீட் சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும், மண்ணுக்கு அவ்வளவு விடாது. மண்ணிலிருக்கும் நோய்க்கிருமிகளைக் கொல்ல இஸ்ரேலில் உருவான முறை இது, 1976-ல் வெளியானது. மேல் சில அங்குலத்தில்தான் முழுப் பலன். ஆழத்துக் கிழங்கு தப்பி முளைக்கும். புதுக் கிழங்கு வைப்பதற்குள் அதைப் பிடுங்கிவிடுங்கள். அடுத்த கோடையிலும் மூடவேண்டி வரலாம், சோர்ந்துவிடாதீர்கள்.

கேள்வி: மீன் இருக்கும் குளத்தில் ஓரப் பாசியைக் கருப்பு ஷீட்டால் மூடலாமா?

பதில்: மூடலாம். அங்கே கொல்வது சூடு இல்லை, இருட்டு. குளம் முழுக்க ஒரே தடவையில் மட்டும் மூடாதீர்கள். களை அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீரும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே ஷீட்டை எடுத்துவிட்டு, அடிச்சேறு கிளம்பாமல் மேல்தண்ணீரை அடித்துக் காற்று கலக்கும்படி செய்யுங்கள்.